ரயிலுவின் பின்னங்கால்கள்

என் அண்ணன் வீட்டு நாய்க்கு ரயிலு என்று பெயர். டாக்ஸ்ஹுண்ட் இனம். உடம்பு நீளம், கால்கள் குட்டை. கூடத்திலிருந்து அடுக்களைக்குள் அவன் திரும்பும்போது முதலில் தலை போகும், வால் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். பெயர் வைத்தவள் என் அண்ணன் மகள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலு சோபாவிலிருந்து கீழே குதித்தான். தினமும் குதிப்பவன்தான். அன்றைக்கு மட்டும் 'வீல்' என்று ஒரு சத்தம். மதியம் முதுகைக் கூன்போட்டு நின்றான், சோறு வேண்டாம் என்றான். சாயங்காலம் அவனுடைய பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரி தரையில் இழுபட்டன. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முகத்தைப் பார்த்தான்.

"அத்தை, கால் ஒடிஞ்சிருச்சா?" என்று அழுதாள் அண்ணன் மகள்.

கால் ஒடியவில்லை. காலில் ஒரு கீறல்கூட இல்லை. பழுது இருந்தது முதுகில்.

நம்மைப்போலவே நாய்க்கும் முதுகு முழுக்க முள்ளெலும்புகள் வரிசையாக இருக்கின்றன. கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7. இவற்றின் நடுவே ஓடும் சுரங்கத்துக்குள் தண்டுவடம் இருக்கிறது. மூளைக்கும் காலுக்கும் செய்தி போய்வருவது அதன் வழியாகத்தான். கழுத்தில் முதல் இரண்டு எலும்புகளைத் தவிர, ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு மெத்தை உண்டு. டிஸ்க் என்பார்கள். அதைப் புரிந்துகொள்ள ஒரு நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான தோல், உள்ளே நீர் ததும்பும் வழுவழுப்பு. ஓடும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இந்த நுங்குகள் வாங்கிக்கொள்கின்றன.

இளம் நுங்கு மெத்தென்று இருக்கும். நாள்பட்டால் கடுக்காய் ஆகிவிடும், இல்லையா? டாக்ஸ்ஹுண்ட் நாய்களின் டிஸ்க் சின்ன வயதிலேயே அப்படி முற்றத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் நீர் வற்றி, சுண்ணாம்புபோலக் கெட்டிப்படுகிறது. பிறகு ஒருநாள் ஒரு குதியில் வெளித்தோல் கிழிந்து, உள்ளே இருப்பது மேல்பக்கமாகப் பிதுங்கித் தண்டுவடத்தின்மேல் இடிக்கிறது. ரயிலுவுக்கு நடந்தது இதுதான்.

ஏன் இந்த இனத்துக்கு இது இவ்வளவு அதிகம்? ஜெர்மனியில் பேட்ஜர் என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே புகுந்து விரட்டுவதற்காக வளர்த்த நாய் இது. டாக்ஸ் என்றால் பேட்ஜர், ஹுண்ட் என்றால் நாய். வளைக்குள் நுழையக் குட்டைக் கால் வேண்டும் என்று, குட்டைக் கால் நாய்களாகப் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள். கால் குட்டையாவதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்றுதான் டிஸ்க்கையும் சீக்கிரம் முற்றவைக்கிறது என்று 2017இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மனிதர்கள் கேட்டு வாங்கிய குட்டைக் காலோடு முதுகு வலியும் சேர்ந்தே வந்துவிட்டது. எனக்கு இதில் மனம் ஆறவேயில்லை. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியாமல் செய்தார்கள். ஆனால் வலி நாய்க்குத்தானே?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாய்க்கு மார்புப் பகுதியில் இடப்பக்க விலா எலும்பையும் வலப்பக்க விலா எலும்பையும் இணைக்கும் ஒரு நார், டிஸ்க்குக்கு மேலே கட்டுப்போட்டதுபோல் குறுக்கே போகிறது. அங்கே டிஸ்க் எளிதில் பிதுங்காது. கடைசி விலா எலும்புகளுக்கு அந்த நார் இல்லை. அதனால்தான் நடுமுதுகில், விலா எலும்புகள் முடியும் இடத்தை ஒட்டிப் பெரும்பாலும் இது நடக்கிறது. முன்னங்கால்களுக்கான நரம்புகள் அதற்கு முன்பே பிரிந்து போய்விடுகின்றன. முன்னங்கால்கள் நன்றாக இருந்து, பின்னங்கால்கள் மட்டும் படுத்துவிடுவது இதனால்தான்.

அன்று இரவே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாய் திடீரென்று நிற்க முடியாமல் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டி பாசத்தோடு ஒரு வலித் தைலத்தை எடுத்து வந்தார். அண்ணன் தடவவிடவில்லை. அது நல்லதாகப் போயிற்று. நாய் தன் உடம்பை நக்கும். தைலத்தில் இருக்கும் கற்பூரம் அதற்கு நஞ்சு. மனிதர்கள் போடும் வலி மாத்திரைகளும் அப்படித்தான்.

டாக்டர் அம்மா ரயிலுவை நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு, பின்பாதத்தைத் தலைகீழாக மடக்கி வைத்தார். நல்ல நாய் உடனே பாதத்தைத் திருப்பிக்கொள்ளும். ரயிலு திருப்பவில்லை. பாதம் எப்படி இருக்கிறது என்ற செய்தியே மூளைக்குப் போகவில்லை. அடுத்து விரலை இறுக்கிக் கிள்ளினார். ரயிலு வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான். டாக்டர் அம்மாவின் முகம் மலர்ந்தது. வலி மூளைக்குத் தெரிகிறது என்றால் பாதை முழுதாக அறுந்துபோகவில்லை. அப்படிப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் நடக்கின்றன.

சில நாய்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ரயிலுவுக்கு மருந்தும், கூண்டுக்குள் பல வாரம் அசையாத ஓய்வும் போதும் என்றார். அந்த வாரங்கள் நீளமானவை. ஒரே பக்கம் படுத்தால் புண் வரும் என்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அண்ணனும் அண்ணியும் மாறி மாறி அவனைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். அவனால் சிறுநீர்கூடத் தானாகக் கழிக்க முடியவில்லை. வயிற்றை எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடம் அண்ணி கற்றுக்கொண்டார்.

ஓய்வு முடிந்ததும் பிசியோதெரபி தொடங்கியது. அதற்காக டாக்டர் அம்மா வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்தார். ஏன் வீட்டுக்கு? ரயிலுவுக்கு மருத்துவமனை வாசனை பட்டாலே உடம்பு விறைத்துக்கொள்ளும். விறைத்த தசையைப் பழக்குவது கஷ்டம். காரில் குலுங்கிப் போவதும் முதுகுக்கு ஆகாது. மூன்றாவது காரணம் அவர் வந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது. உள்ளே வந்தவர் ரயிலுவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பளபளக்கும் டைல்ஸ்.

"இதுல நான் நடந்தாலே வழுக்குதே! இவன் எப்படிம்மா காலை ஊன்றுவான்?"

அண்ணி ஓடிப்போய் ஜமக்காளத்தை விரித்தார். ரயிலுவோடு சேர்ந்து ஜமக்காளமும் வழுக்கியது. துணிக்கும் டைல்ஸுக்கும் இடையே உராய்வு போதவில்லை. கடைசியில் அண்ணனின் யோகா விரிப்பு வந்தது. அதன் ரப்பர் அடிப்பக்கம் தரையைக் கவ்விப் பிடித்தது. கூடம் முழுக்க நாலு யோகா விரிப்புகள் போட்டு ரயிலுவுக்கு ஒரு தண்டவாளம் அமைத்தோம்.

முதல் பயிற்சி சைக்கிள். ரயிலுவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்னங்காலை மெதுவாக மடக்கி, நீட்டி, சைக்கிள் மிதிப்பதுபோலச் சுற்ற வேண்டும். பத்துத் தடவை. நாளுக்கு மூன்று வேளை.

"அவன் சும்மா படுத்திருக்கான், நாமதானே ஆட்டுறோம்? இதுல அவனுக்கு என்ன கிடைக்கும் அத்தை?" என்று கேட்டாள் அண்ணன் மகள். நல்ல கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

ஒன்று, மூட்டு. எலும்பின் முனையில் வழவழவென்று இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது உணவை உறிஞ்சுகிறது. ஸ்பாஞ்சை அமுக்கி விட்டால்தானே தண்ணீரை இழுக்கும்? அதுபோல மூட்டு மடங்கி நீண்டால்தான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு. ஆடாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

இரண்டாவது பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நடப்பது மூளையின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். 1911இல் பிரிட்டனில் தாமஸ் கிரகாம் பிரவுன் என்ற உடலியல் அறிஞர் பூனைகளிடம் ஆராய்ந்து ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார். மூளையிலிருந்து தொடர்பு துண்டிக்கப்பட்ட பிறகும் தண்டுவடம் கால் தசைகளை 'மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு' என்று மாறி மாறி இயக்கியது! கச்சேரியில் எந்தப் பாட்டு, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பாடகர் முடிவு செய்கிறார். தாளத்தைக் கையில் வைத்திருப்பவர் மிருதங்கக்காரர். மூளை பாடகர் என்றால் தண்டுவடம் மிருதங்கக்காரர். நடையின் தாளம் முதுகுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தத் தாளத்துக்குக் காலிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்களே எழுந்து மிக மெதுவாக நடந்து பாருங்கள். ஒரு கால் பின்னால் போய், தொடை பின்பக்கமாக நீண்டு, அந்தக் காலின் மேல் இருந்த பாரம் குறையும் நொடியில் அது தானாக முன்னால் வரத் துடிக்கும். 'பின்னால் போயாயிற்று, பாரமும் இல்லை' என்ற செய்திதான் 'இனித் தூக்கு' என்பதற்கான அடி. ரயிலுவின் காலை நாம் சுற்றும்போது, தசையிலும் மூட்டிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள் இதே செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. மறந்துபோன மிருதங்கக்காரர் முன்னால் உட்கார்ந்து நாம் தாளம் போட்டுக் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகள் அன்றுமுதல் "தா-தை, தா-தை" என்று சொல்லிக்கொண்டேதான் காலைச் சுற்றினாள்.

தண்டுவடம் இதையெல்லாம் ஒரே நாளில் கற்காது. திரும்பத் திரும்பச் செய்தி வந்தால்தான் நரம்பு இணைப்புகள் வலுப்படும். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் செய்வதைவிடத் தினமும் மூன்று வேளை ஐந்து நிமிடம் செய்வதால் பலன் கூடுதல். தினமும் மூன்று வேளை மருத்துவமனைக்கு யாரால் போக முடியும்? வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். டாக்டர் அம்மா செய்து காட்டியதை மட்டும், அவர் சொன்ன அளவு மட்டும். இன்னும் கொஞ்சம் செய்தால் சீக்கிரம் நடப்பான் என்ற ஆசை எங்களுக்கும் வந்தது. அடக்கிக்கொண்டோம்.

அடுத்தது நிற்கும் பயிற்சி. குளிக்கும் துண்டை நீளவாக்கில் மடித்து, வயிற்றுக்கு அடியில் ஊஞ்சல்போலக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பாதங்களைச் சரியாகத் தரையில் பதித்துவிட்டு, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முன்னால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று இருக்கும். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் மடிந்து விழுந்தான். அந்த வாரம் முழுக்கப் பத்தைத் தாண்டவில்லை. அண்ணி கொஞ்சம் மனம் தளர்ந்துபோனார்.

பிறகு தண்ணீர். பெரிய மருத்துவமனைகளில் தண்ணீருக்குள் ஓடும் நடைப்பட்டை இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ரப்பர் விரிப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரில் மூழ்கும் பொருளைத் தண்ணீர் மேலே தள்ளும் என்ற ஆர்க்கிமிடீஸ் பாடம் உங்களுக்குத் தெரியும். நாயின் இடுப்பு மூட்டு உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால், அதன் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ 38 சதவீதத்தைத் தாங்கினால் போதும். ரயிலு 8 கிலோ. தொட்டிக்குள் அவனுடைய நாலு கால்களுக்கும் சேர்த்து 3 கிலோதான் பாரம்! தரையில் பத்து எண்ணுவதற்குள் விழுந்தவன் தொட்டியில் முப்பது வரை நின்றான். அண்ணன் கை ஒருகணமும் அவன் உடம்பை விட்டு நகரவில்லை. நாயைத் தண்ணீரில் தனியே விடக் கூடாது. சின்னவர்கள் மட்டும் இதைச் செய்யவும் கூடாது.

ஒரு நாள் மாலை தொட்டியில் இடது பின்னங்கால் ஒரு தடவை உதைத்தது. அண்ணன் மகள் கத்திய கத்தலில் பாட்டி ஓடி வந்துவிட்டார்.

ரயிலுவைப்போலன்றி வலியே உணராத நாய்களும் உண்டு. அவற்றில் பல நடப்பதே இல்லை. அவற்றுக்காகச் சக்கர வண்டி இருக்கிறது. பின்னுடம்பைப் பட்டையில் தாங்கிக்கொண்டு இரண்டு சக்கரத்தில் ஜோராக ஓடும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 34 வீட்டு நாய்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது, 2012இல் வெளியானது. மூக்கில் வாசனை நரம்புகள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக வளர்கின்றன. அவற்றுக்குத் துணையாக இருக்கும் செல்களை நாயின் மூக்கிலிருந்தே எடுத்து, வளர்த்து, அடிபட்ட தண்டுவடத்தில் ஊசி வழியே செலுத்தினார்கள். சில நாய்களுக்கு வெறும் திரவத்தைச் செலுத்தினார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. செல்கள் பெற்ற நாய்களில் பல, நடைப்பட்டையில் முன்னங்காலோடு பின்னங்காலை ஒத்து எடுத்து வைத்தன. ஆனால் மூளைவரை போகும் நீண்ட பாதை திரும்பவில்லை. மிருதங்கக்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார், பாடகர் இன்னும் வரவில்லை. அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் ரயிலுவின் கதைக்கு வருகிறேன். நிற்கத் தொடங்கியதும் அண்ணன் மகளுக்கு ஒரு யோசனை வந்தது. நாய் நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்கும், மீதி 40ஐப் பின்னங்கால்கள் தாங்கும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். 8 கிலோவில் 60 சதவீதம் என்றால் 4.8 கிலோ. வீட்டு எடைக்கருவியின்மேல் ரயிலுவின் முன்னங்கால்களை வைத்தாள். பின்னங்கால்களுக்கு அடியில் அதே உயரத்தில் ஒரு பலகை. முதல் நாள் கருவி காட்டியது 6.6. பின்னங்கால்கள் செய்ய வேண்டிய வேலையை முன்னங்கால்கள் செய்துகொண்டிருந்தன! ஞாயிறுதோறும் எடை பார்த்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். 6.6. 6.5. 6.5. 6.1. ஒரு வாரம் மறுபடி 6.3. பிறகு 5.7.

இப்போது துடைப்பக் கட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து, அவற்றைத் தாண்டி நடக்கப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் காலை வேண்டுமென்றே உயர்த்த வேண்டும், பாடகரும் கலந்துகொள்ள வேண்டும். மூன்றாவது கட்டையில் அவன் கால் எப்போதும் தட்டும். சோபாவுக்குச் சரிவுப் பலகை வந்துவிட்டது, குதிக்க அனுமதி இல்லை. யோகா விரிப்புகள் இன்னும் கூடத்தில்தான் கிடக்கின்றன. அண்ணன் மொட்டை மாடியில் வெறுந்தரையில் யோகா செய்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அந்த நோட்டைக் காட்டினாள். கடைசி வரி: "முன்னங்கால் 5.1. இன்னும் 300 கிராம் பின்னாடி போகணும்."