செவியும் திரையும்

நுழையும்முன்

காவிரிப் படுகை நெல்லோடு இசையையும் விளைவித்த மண். அங்கு இசைக்கல்வி நெடுங்காலம் ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுத் திருப்பிப் பாடும் முறையில் நிகழ்ந்தது. இன்று இணையக் காணொளியும் செல்பேசி விளையாட்டும் அக்கல்விக்குள் நுழைந்துள்ளன. இசையைத் தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் பயில்வோருக்கு அவை எவற்றைத் தருகின்றன? எவற்றைத் தர இயலவில்லை? விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

வேட்கையால் வளர்ந்த இசை

விருப்பத்தால் இசை பயில்வோர் தஞ்சைக்குப் புதியவர் அல்லர். ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவர். மருத்துவம் அவருடைய தொழில். இசை அவருடைய வேட்கை. அவ்வேட்கையால் 1912 முதல் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரும் இசையாய்வு நூலை வெளியிட்டார்.

எனினும், அத்தகைய வாய்ப்பு எல்லார்க்கும் அமையவில்லை. இசை பயில விரும்பியோர் ஆசிரியரைத் தேடிச் சென்று, ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்க வேண்டியிருந்தது. சாதி, பாலினம், பொருள்நிலை ஆகியன பலரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தின.

இசைத்தட்டு முதல் காணொளி வரை

அவ்வாயிலை முதலில் சற்றே திறந்தது இசைத்தட்டு. திருவாவடுதுறை இராசரத்தினம் (1898-1956) நாகசுரத்தில் வாசித்த தோடி, தட்டின் வழியே அவர் கால்படாத ஊர்களிலும் ஒலித்தது. ஆயினும், அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். 1939இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற வானொலி நிலையம் நெடிய கச்சேரிகளையும் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால், வானொலியில் ஒலித்து முடிந்ததைக் கேட்பவர் விரும்பியபோது மீட்க இயலாது.

காணொளி இக்குறைகளை நீக்கியது. ஒரு சங்கதி விளங்காவிடில் நிறுத்தலாம். பத்துமுறை திருப்பிக் கேட்கலாம். சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும் செய்யலாம். ஆசிரியர் இல்லாத சிற்றூரில் வாழும் மாணவருக்கு இது பெரும்பேறு.

விளையாட்டு கற்பிக்கும் காலம்

2005இல் வெளிவந்த ‘கிட்டார் ஹீரோ’ என்னும் விளையாட்டில், ஐந்து வண்ணப் பொத்தான்கள் கொண்ட கிட்டார் வடிவக் கருவியை ஆடுபவர் ஏந்துவார். திரையில் வரும் வண்ணக் குறிகளுக்கேற்ப உரிய நொடியில் கருவியை இயக்கினால் மதிப்பெண் கிட்டும். செல்பேசியில் ஆடும் ‘பியானோ டைல்ஸ்’ விளையாட்டும் இவ்வகையினதே. இவற்றால் கண்ணும் கையும் காலக்கணக்குக்குப் பழகுகின்றன. தவறினால் உடனே தெரிகிறது; மீண்டும் முயலத் தயக்கம் எழுவதில்லை.

ஆனால், அங்கு ஒலிப்பது முன்னரே ஆக்கிவைத்த இசை. ஆடுபவர் அதனை உரிய நேரத்தில் ஒலிக்கச் செய்கிறார். சுரத்தைத் தாமே உருவாக்குவதில்லை.

நிற்காத சுரம்

சுரத்தை உருவாக்குதல் எத்துணை நுட்பமானது என்பதற்குத் தோடி இராகமே சான்று. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ரிடபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைகிறது. இவ்வசைவைக் கமகம் என்பர். செல்பேசியின் விசைப்பலகைச் செயலியில் காந்தார விசையைத் தொட்டால், பெரும்பாலும் அசைவற்ற ஓர் ஒலியே எழும், தோடி பிறவாது.

பலாமரத்தில் உருவாகும் தஞ்சாவூர் வீணையிலும் 24 மெட்டுகள் அசையாமல்தான் உள்ளன. ஆயினும், வீணைக் கலைஞர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை வருவிக்கிறார். எவ்வளவு இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை விரலுக்குக் கற்பிப்பது செவி. அச்செவி பிழைபட்டிருப்பின் அதனைச் சுட்டிக்காட்ட மற்றொரு செவி வேண்டும். காணொளி ஓயாமல் பாடும். பயில்பவர் பாடுவதை அது கேட்பதில்லை.

சேர்ந்து பாடுதல்

இணையவழி வகுப்பில் ஆசிரியர் கேட்டுத் திருத்துகிறார். எனினும், ஒலி இணையத்தில் பயணம் செய்யச் சிறிது நேரம் ஆவதால், இருவரும் ஒரே தாளத்தில் சேர்ந்து பாடுவது கடினமாகிறது. ஒருவர் பாடி முடித்தபின் மற்றவர் பாடுகிறார். 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் இசைக்குழுவினர் பலர் தனித்தனியே பாடிப் பதிவுசெய்து, பின்னர் அவற்றை ஒன்றிணைத்தனர்.

திருவையாற்றில் ஆண்டுதோறும் நிகழும் தியாகராசர் ஆராதனையில் புகழ்பெற்ற கலைஞர்களும் ஆர்வலர்களும் காவிரிக்கரையில் ஒன்றாக அமர்ந்து, ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். அருகிலிருப்பவர் மூச்சு விடுமிடத்தையும் உணர்ந்து பாடும் பயிற்சி அங்குக் கிட்டுகிறது.

ஆகவே, திரை தரும் வாய்ப்பைத் தயங்காது பயன்படுத்துவோம். காணொளியில் கேட்டதைப் பாடிப் பதிவுசெய்து, அதனை இசை அறிந்த ஒருவருக்குக் கேட்கக் கொடுப்போம். கற்கும் வாயிலைத் திரை அகலத் திறந்துள்ளது. உள்ளே நுழைந்தவரின் பாட்டைக் கேட்டுத் திருத்துவது மனிதச் செவியின் பணி.