குளியலறையைக் காக்கும் பொத்தான்

குளிர்நாடுகளில் குளியலறைத் தரைக்கு அடியில் மின்கம்பி பதித்துச் சூடேற்றுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நமக்குச் சுவரில் ஒரு வெந்நீர் ஹீட்டர் போதும். ஆபத்து மட்டும் ஒன்றேதான்: ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில்.

3.6 கிலோவாட் ஹீட்டர் சுமார் 15 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும். அந்தச் சிறு கசிவு ஃபியூஸுக்குத் தெரியாது. போன மின்சாரம் முழுதாகத் திரும்பியதா என்று ஒப்பிடும் இ.எல்.சி.பி.க்குத்தான் தெரியும். தரை ஈரமாகும் இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது துண்டிக்க வேண்டும் என்கின்றன மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள்.

ஹீட்டருக்கான இ.எல்.சி.பி.யில் 0.01 ஆம்பியர் என்று இருக்கிறதா, பாருங்கள். பிறகு அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் விழவில்லையா? உரிமம் பெற்ற வயர்மேன் வந்து சரிசெய்யும்வரை தண்ணீரிலேயே குளியுங்கள்.