கிராஃபிக்ஸ் கார்டில் வி-ரேம் ஏன் முக்கியம்?

எடிட்டிங், அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் கார்டு புதிதா பழையதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதிலுள்ள நினைவகத்தை, அதாவது வி-ரேமை.

ஒரு 4கே ஃபிரேமில் 3840 × 2160, ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள். எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் நிறங்களை 32 பிட் எண்களில் கணக்கிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என நான்குக்கும் சேர்த்துப் பிக்சலுக்கு 16 பைட். ஒரே ஃபிரேம் 130 எம்பியைத் தாண்டிவிடுகிறது! இரைச்சல் குறைக்கும் எஃபெக்ட் போட்டால் முன்பின் ஃபிரேம்களும் கூடவே ஏறும்.

3டி அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரில் இன்னும் நெருக்கடி. பொருள்களின் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர், 4096 × 4096 அளவில் ஒன்றே 64 எம்பி. ஒரு காட்சியில் இப்படிப் பல இருக்கும். வி-ரேம் நிரம்பினால் கணினியின் ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டும். வேகம் படுத்துவிடும், சிலசமயம் ரெண்டரே நின்றுபோகும்.

2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி), 2023-ன் 8 ஜிபி 4060-ஐவிட வேகம் குறைந்ததுதான். ஆனாலும் கனமான காட்சிகளில் தாக்குப்பிடிக்கும். 3060-லும் 8 ஜிபி வகை உண்டு. பெட்டியைப் பார்த்தே வாங்குங்கள். 3060 கார்டு 170 வாட் இழுக்கும், பவர் சப்ளை 550 வாட்டாவது இருக்கட்டும்.