மறைவிடத்துப் பருக்களும் மருத்துவப் பரிசோதனையும்

சேலம் ஜில்லா சங்ககிரியை லாரிகளின் ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது. பாரம் ஏற்றிக்கொண்டு வடநாடு நோக்கிப் புறப்படும் டிரைவரும் கிளீனரும் வீடு திரும்பப் பல நாட்கள் ஆகும். வழியில் ஒரு நாள் குளிக்கும்போது பிறப்புறுப்பில் சிறு பரு ஒன்று தென்பட்டால், அன்று முதல் அவர்களுக்கு உறக்கம் இல்லை. மனைவியிடம் சொல்ல அச்சம். டாக்டரிடம் காட்ட வெட்கம். இக்கவலை லாரித் தொழிலாளர்க்கு மட்டும் உரியதன்று. மணமாகாத இளைஞரும், குடும்பப் பெண்டிரும் இதனை மனத்தில் வைத்துப் புழுங்குகின்றனர்.

உண்மையில் இத்தகைய பருக்களுள் பல, நோயே அல்ல. ஆண்குறியின் மொட்டைச் சுற்றி முத்துக் கோத்தாற்போல் ஒரே அளவில் வரிசையாக இருப்பவை பிறர்க்குத் தொற்றா, சிகிச்சையும் வேண்டா. மங்கிய மஞ்சள் நிறப் பொட்டுக்கள் எண்ணெய்ச் சுரப்பிகளேயாம். மயிர் மழித்தபின் வேர்க்காலில் எழும் சீழ்க்கட்டியும் பெரும்பாலும் அற்பமானதே. இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் மற்றவரும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும்.

கோழிக்கொண்டைபோல் கிளைத்து வளரும் மருக்கள் ஒரு வைரஸினால் உண்டாகின்றன. இக்கிருமி உடலில் புகுந்து பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் மரு தோன்றலாம். ஆகவே மருவைக் கண்டவுடன் கணவனோ மனைவியோ மற்றவரைச் சந்தேகித்துச் சண்டையிடுவது நியாயமன்று. நடுவே தொப்புள்போல் குழிந்த பாலுண்ணிகளும் தொற்றக்கூடியவையே. கொத்துக் கொத்தாய்க் கொப்புளித்து எரிச்சலுடன் உடைந்து புண்ணாவது ஹெர்ப்பிஸ் எனப்படும் வேறொரு வைரஸ் நோயாக இருக்கக்கூடும்.

அதிகம் அஞ்சத்தக்கது பெரும்பாலும் வலியே இல்லாத புண்தான். மேகப்புண் என்று வழங்கும் சிபிலிஸ், தொடர்பு ஏற்பட்டுச் சுமார் மூன்று வாரங்களில் கெட்டியான சிறு புண்ணாகத் தோன்றுகிறது. பெண்களுக்கு அது உள்ளே மறைந்திருப்பதும் உண்டு. சில வாரங்களில் அது தானே ஆறிவிடும். நோயாளியும், யாரோ கொடுத்த களிம்பினால் குணமாயிற்று என்று மகிழ்வார். கிருமியோ ரத்தத்திலேயே தங்கி, ஆண்டுகள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கவல்லது. மனைவி கருவுற்றிருப்பின் கருச்சிதைவும், குழந்தைக்கே நோயும் நேரலாம். ஆரம்ப நிலையிலோ, ஒரே முறை போடும் பென்சிலின் ஊசி போதுமானது!

டாக்டர் பெரும்பாலான பருக்களைக் கண்ணால் பார்த்தே இன்னதென்று கூறிவிடுவார். ஐயம் இருப்பின் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டிற்கும் ரத்தம் சோதிப்பார். தொற்றிய புதிதில் சோதனையில் நோய் தெரியாமற்போகலாம் ஆதலின், அவர் குறித்த நாளில் மீண்டும் சென்று சோதித்துக்கொள்வது அவசியம். புண் உள்ளவருக்கு எச்.ஐ.வி. எளிதில் தொற்றும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பக்கத்து நாமக்கல் ஜில்லா அது மிகுந்த ஜில்லாக்களுள் ஒன்றாக இருந்தது.

பஸ் நிலையச் சுவர்களில் 'இரகசிய நோய்' விளம்பரம் ஒட்டும் போலி வைத்தியர்களிடம் செல்வோர் பணத்தோடு காலத்தையும் இழக்கின்றனர். ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தாமாகவே பூசிக்கொள்வதும், மருவைச் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் கேடு. சங்ககிரி அரசு ஆஸ்பத்திரியிலோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ காட்டலாம். பெண்கள், பெண் டாக்டரே பார்க்க வேண்டுமெனக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நோய் உறுதியானால் கணவனும் மனைவியும் சேர்ந்தே சிகிச்சை பெறவேண்டும். அது முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். நேரில் செல்லுமுன் எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றி விசாரிக்க விரும்புவோர் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.