நாணயத்துக்கு ஓர் எண்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையொன்றின் தரம் பிரிக்கும் மேசையருகே சற்று நேரம் நின்று பாருங்கள். குரோம் ஏறி, வெளிர்நீலமாக, ஈரத்தோடு வந்திறங்கும் தோலை விரித்து, கையால் ஒரு தடவு தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார் தரம் பிரிப்பவர். புள்ளி புள்ளியாக இருந்தால் உண்ணிக்கடி. நீளமாகக் கோடு ஓடினால் முள்வேலிக் கீறல். வட்டத் தழும்பு, சூடு போட்டது. உள்பக்கத்து வெட்டு, தோலுரித்தவர் கத்தி தவறியது. மாடு எங்கே மேய்ந்தது, எப்படி வளர்ந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தோல் சொல்லிவிடுகிறது. சில நொடிகளில் தரம் முடிவாகிறது.

அதே ஊரில் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் 19 வயதுப் பெண் ஒருத்தி, வண்டிக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காதவள். கணினியைப் பார்த்த அலுவலர் சொல்கிறார்: "உங்களுக்கு சிபில் ஸ்கோரே இல்லையேம்மா." தரம் பிரிக்கும் மேசையில் தழும்பில்லாத தோலுக்குத்தான் முதல் விலை. வங்கி மேசையில் மட்டும் தழும்பில்லாத வரலாறு விலை போகவில்லை. ஏன் இந்தத் தலைகீழ் கணக்கு?

விடை அவள் அம்மாவின் சீட்டு நோட்டிலேயே இருக்கிறது. கம்பெனி வேனில் வரும் 20 பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் 2,500 ரூபாய் போட்டு, 50,000 ரூபாய்ச் சீட்டு நடத்துகிறார்கள் என்று கொள்வோம். விவரமறிந்த சீட்டுக்காரம்மா, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சீட்டை எளிதில் விடமாட்டார். சீட்டு எடுப்பதற்கு முன் யாரும் ஒழுங்காகக் கட்டுவார்கள். எடுத்த பிறகு கட்டுவதுதான் பரீட்சை என்பது அவருக்குத் தெரியும். வங்கியின் கேள்வியும் இதுவே. கடனே வாங்காதவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் பணம் கைக்கு வந்த பிறகு எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அவரிடம் சாட்சி இல்லை.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். சீட்டுக்காரம்மா அளப்பது இந்த இரண்டாவது நாணயத்தை. யார் வீட்டில் கல்யாணம், யார் கணவருக்கு வேலை போயிற்று, யார் மழையிலும் வந்து கட்டிவிட்டுப் போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தக் கணினியாலும் எட்ட முடியாத நுட்பம் அது. அதற்கு ஒரே ஒரு குறை: அந்த அறிவு தெருவைத் தாண்டாது. ஆம்பூரில் இருபது வருடம் சீட்டுக் கட்டியவரை வேலூர் வங்கிக்குத் தெரியாது.

தெருவைத் தாண்டும் நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது? 1837இல் அமெரிக்காவில் வந்த நிதி நெருக்கடியில் நொடித்துப்போன பட்டு வணிகர் லூயிஸ் டாப்பன் இந்தக் கேள்வியோடு புறப்பட்டார். 1841இல் நியூயார்க்கில் மெர்கன்டைல் ஏஜென்சி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக ஆள் வைத்து, அங்குள்ள வணிகர்களின் வரவு செலவையும் குணத்தையும் எழுதி வாங்கி, தடித்தடியான பேரேடுகளில் பதிந்தார். எழுதுபவரின் விருப்பு வெறுப்பும் அவற்றில் சேர்ந்தே பதிந்தது. பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் ஏர்ல் ஐசக்கும் 1956இல் நிறுவனம் தொடங்கி, அபிப்பிராயத்தை விட்டுவிட்டுப் பழைய கடன்களின் கணக்கைப் பார்த்தே கடன் திரும்பி வரும் வாய்ப்பை எடை போடலாம் என்று காட்டினார்கள். இந்தியாவில் கடன் பதிவுகளைத் திரட்டும் சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 2005இல் இதற்கெனத் தனிச்சட்டமே வந்தது. இன்று சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தப் பதிவைக் காக்கின்றன.

ஸ்கோர் என்ற அந்த எண் எப்படிப் பிறக்கிறது? கடன் வாங்கிய பல லட்சம் பேரின் பழைய பதிவுகளை எடுத்து, ஒரே மாதிரி நடந்துகொண்டவர்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு கூட்டத்தில் 51 பேரில் 50 பேர் கட்டி, ஒருவர் தவறினால், விகிதம் 50க்கு 1. இன்னொரு கூட்டத்தில் அது 100க்கு 1. இந்த விகிதத்தை மடக்கை அளவுகோலில் ஏற்றினால் புள்ளி கிடைக்கும். 20 புள்ளி கூடினால் விகிதம் இரட்டிப்பாகும் என்று அமைப்பது இத்துறையில் பழகிய முறை. நிலநடுக்கத்தின் ரிக்டர் அளவும் இப்படி மடங்கு மடங்காக ஏறுவதுதான். சிபிலின் முழுச் சூத்திரம் வெளியிடப்படவில்லை. அதன் எல்லை 300 முதல் 900 வரை. வரலாறே இல்லாதவருக்கு அங்கே எண்ணுக்குப் பதில் 'என்.எச்.' என்றோ −1 என்றோ இருக்கும். அதைக் கண்டு அந்தப் பெண் கலங்க வேண்டாம். அது கெட்ட பெயர் இல்லை. இன்னும் பெயரே எழுதாத பக்கம்.

சிபில் தரும் கடன் அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். கடைசி 36 மாதங்கள் வரை அதில் தெரியும். தவணை தேதியில் கட்டியிருந்தால் 000. முப்பது நாள் தாமதம் என்றால் 030. மூன்று சுழியங்கள் கொண்ட கட்டம்தான் நாணயத்தின் ஒரு செங்கல். பொதுவாக ஆறு மாதம் போலக் கட்டங்கள் சேர்ந்தால் எண் பிறக்கத் தொடங்கும்.

முதல் செங்கலுக்குப் பெரிய கடன் தேவையில்லை. கையில் 20,000 ரூபாய் இருந்தால் வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, அதன்மேல் கடன் அட்டை வாங்கலாம். பணம் வங்கியிடமே இருப்பதால் வரலாறு இல்லாதவருக்கும் அந்த அட்டை கிடைக்கிறது. வரம்பில் சுமார் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும். வங்கியில் வைக்கும் நகைக்கடனும் பதிவாகிறது. அதற்குத் தேதியில் வட்டி கட்டி மீட்பதும் நல்ல தொடக்கமே. கையில் ஏற்கெனவே சுய உதவிக் குழுக் கடனோ நுண்கடனோ இருந்தால் முதலில் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஏதோ ஒரு பதிவு ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கக்கூடும்.

நம் ஊரில் பிள்ளைகளின் முதல் கடன் பெரும்பாலும் செல்போன் தவணையாகவே இருக்கிறது என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதம் 1,500 ரூபாய்த் தவணை தவறினாலும் அந்தக் கட்டத்தில் அது விழத்தான் செய்யும். சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவன் தவறுவதும் உங்கள் கணக்கில் ஏறும். கட்ட முடியாமல் பேசிக் குறைத்து முடித்த கடன் 'செட்டில்டு' என்று நிற்கும். முழுதும் கட்டி முடித்ததற்கு 'குளோஸ்டு' என்று வரும். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம், பத்து வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் தெரியவரும்.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் புள்ளி குறையாது. ஒரே வாரத்தில் நான்கைந்து இடங்களில் கடன் கேட்டு அலைந்தால்தான் குறையும். தவறான பதிவு பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வண்டிக் கடன் கேட்டுப் போகும் பெண் இதையும் எடுத்துச் சொல்லலாம்.

இந்த எண் மனிதரின் மதிப்பு அன்று. மருத்துவச் செலவில் ஒரு தவணை தவறியவரும் சூதாடித் தவறியவரும் அந்தக் கட்டத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். சீட்டுக்காரம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும், சூத்திரத்துக்குத் தெரியாது. ஆகவே எண்ணுக்குப் பயப்பட வேண்டியதில்லை, அதன் போக்கைப் புரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

தன் தோலில் எது பதிய வேண்டும் என்று மாட்டால் தீர்மானிக்க முடிவதில்லை. உண்ணி கடிக்கிறது, முள் கிழிக்கிறது, எல்லாம் அப்படியே மேசைக்கு வந்து சேர்கின்றன. அந்தப் பெண்ணின் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சம்பளம் வந்த மறுநாளே அட்டைப் பாக்கியைக் கட்டிவிட்டு அவள் வேன் ஏறினால், அந்த மாதக் கட்டத்தில் மூன்று சுழியங்கள் விழும். அம்மா இருபது வருடமாகச் சீட்டு நோட்டில் சேர்த்த அதே நாணயம்தான் அது. இப்போது வேலூர் வங்கிக்கும் அதைப் படிக்கத் தெரியும்.