வீடு வாங்குபவருக்கும் ஒரு முகவர் வேண்டும்

தாமான் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பதாகை தொங்குகிறது. அதிலுள்ள எண்ணுக்கு அழைக்கிறோம். முகவர் வந்து வீட்டைத் திறந்து காட்டுகிறார், அன்பாகப் பேசுகிறார், வங்கிக் கடனுக்கும் ஆள் பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். ‘நம்ம ஏஜெண்டு’ என்று நாமும் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அவரை நியமித்தவர் வீட்டு உரிமையாளர். கட்டணம் கொடுப்பவரும் அவரே. நல்ல விலைக்கு விற்றுக் கொடுப்பதுதான் முகவர் ஏற்றுக்கொண்ட வேலை. அதில் குற்றமில்லை. நம் பக்கம் பேச ஆள் இல்லை என்பதே குறை.

சிங்கப்பூரில் ஒரே விற்பனையில் ஒரே முகவர் இரு தரப்புக்கும் செயல்படுவதைச் சட்டமே தடுக்கிறது. இங்கே மலேசியாவில் நம்மவர்கள் பலர் தனி முகவர் வைத்துக்கொள்ள யோசிப்பதற்குச் செலவு ஒரு காரணம். அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. வீடு விற்பனைக்கு முகவர் கட்டணம் அதிகபட்சம் 3 விழுக்காடு. அதை வழக்கமாக விற்பவர் செலுத்துகிறார். வாங்குபவர் தரப்பிலும் ஒரு முகவர் இருந்தால் இரு நிறுவனங்களும் அதைப் பகிர்ந்துகொள்வதுண்டு. எல்லாரும் பகிர ஒப்புக்கொள்வதில்லை என்பதால், கட்டணம் யாரிடமிருந்து வரும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விலை ஏறினால் நம் முகவரின் பங்கும் ஏறுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதிப் பங்கு பெறுபவர் 20,000 ரிங்கிட்டைக் குறைத்துப் பேசினால் அவருக்குக் குறைவது 300 ரிங்கிட். நமக்கு மிஞ்சுவது 20,000.

பேரம் பேசுவதைவிடப் பெரிய உதவி, முன்பணம் கட்டுவதற்கு முன் நடப்பது. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த இபிஎப் பணத்தை நம்பி முதல் வீடு வாங்கும் குடும்பம் கவனிக்க வேண்டியது இதைத்தான். வீட்டின் விலை 350,000 ரிங்கிட், 90 விழுக்காடு கடன் கிடைக்கும், கையில் 35,000 இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். வங்கியின் மதிப்பீட்டாளர் 320,000தான் பெறும் என்றால், கடன் 288,000 மட்டுமே. கையிலிருந்து போட வேண்டியது 62,000. நம் முகவர் இந்த மதிப்பை வங்கி மதிப்பீட்டாளர்களிடம் முன்கூட்டியே விசாரித்துச் சொல்லிவிடுவார். வழக்கறிஞர் செலவும் முத்திரை வரியும் வேறு இருக்கின்றன.

அடுத்தது கிராண்ட். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தில் உள்ள வீட்டை நாம் வாங்க முடியாது. பூமிபுத்ரா லாட் என்றால் மாநில ஒப்புதல் வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. குத்தகை நிலமானால் பெயர் மாற்றத்துக்கே மாநில அரசின் சம்மதம் தேவை, அது மாதக்கணக்கில் இழுக்கலாம். எஞ்சிய குத்தகைக் காலம் குறைந்திருந்தால் வங்கியும் தயங்கும். மலிவு விலை வீடுகள் சிலவற்றுக்கும் விற்பனைக் கட்டுப்பாடு உண்டு. நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்தால் இவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். அடுக்குமாடி வீடு என்றால் பராமரிப்புக் கட்டண பாக்கியையும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பாக்கிக்காக அட்டை முடக்கப்பட்டு, காவலரிடம் வாதாடி நிற்பது யாருக்கும் வேண்டாம்.

வழக்கறிஞர் இதையெல்லாம் பார்ப்பார், உண்மைதான். ஆனால் அவர் கைக்குக் கோப்பு போகும் நேரத்தில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டியாகியிருக்கும். கடன் கிடைக்காவிட்டால், மாநில ஒப்புதல் வராவிட்டால் அந்தப் பணம் முழுதாகத் திரும்ப வர வேண்டும் என்ற வரியை முன்பதிவுப் படிவத்தில் சேர்க்கச் சொல்வது நம் முகவரின் வேலை. விற்பவரின் முகவர் அதைத் தானாக எழுதித் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்தவர், உறவினர், கோயிலில் பழகியவர் என்று உரிமம் இல்லாத தரகரைப் பிடிப்பது நம்மிடையே சகஜம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தவறு. பணம் போனால் புகார் செய்யவும் சரியான இடம் இராது. முகவரின் அட்டையில் ‘ரென்’ எண் அல்லது முகவர் பதிவு எண் இருக்கும். எல்.பி.பி.இ.எச். வாரியத்தின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கச் சில நிமிடம் போதும். முன்பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் செலுத்தி, அன்றே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.