கடல்நாய்க் குட்டியின் களஞ்சியம்

‘மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமோ?’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மீனுக்கு இஃது ஒக்கும். ஆயினும், கடலில் வாழும் உயிர்கள் யாவற்றிற்கும் இதனை ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆங்கிலத்தார் ‘சீல்’ என வழங்கும் கடல்நாய், நம்மைப்போலவே நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டியீன்று பாலூட்டி வளர்க்கும் விலங்காம். அதன் குட்டி சின்னாட்களில் நீந்தப் பழகிவிடும். ஆழ்ந்து மூழ்கும் ஆற்றலோ அதற்குப் பிறப்பிலேயே முழுமையாக வாய்ப்பதன்று. அவ்வாற்றல் அதன் தசைகளில் எங்ஙனம் அமைகின்றது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

தென் துருவத்துப் பனிக்கடலில் வாழும் வெட்டெல் கடல்நாய் 600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் செல்லவல்லது. செஞ்சியில் வாழும் எமக்கு உயரத்தின் அளவுகோல் இராஜகிரியே. அதன் உயரம் ஏறக்குறைய 800 அடி. அத்தகைய மலைகள் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினும் அவ்வாழத்தை எட்டா. ஒரு மணி நேரத்திற்கு மேலும் அவ்விலங்கு மூச்சடக்கியிருந்ததுண்டு. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த நம் வீரரோ மார்பு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, கல்லின் துணையால் இறங்கி, ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் மேலெழுந்தனர். கடல்நாய் பெரும்பாலும் மூச்சை வெளிவிட்டே மூழ்குகின்றது! அங்ஙனமாயின் அதற்கு வேண்டும் பிராணவாயு எங்கே உளது?

விடை காண எங்கள் கோட்டையையே நோக்குவோம். 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை செஞ்சியை முற்றுகையிட்டது. முற்றுகைக்காலத்தில் ஒரு கோட்டையைக் காப்பது மதில் மட்டுமன்று, அகத்தேயுள்ள களஞ்சியமுமாம். மூழ்குதலும் ஒருவகை முற்றுகையே. வெளியிலிருந்து காற்று வரும் வழி அடைபட்டுவிடும். அக்காலத்தில் இதயத்துடிப்பு மிகத் தணிய, இரத்தம் மூளை முதலிய இன்றியமையா உறுப்புக்களுக்கே பெரிதும் செல்ல, தசைகள் தம் சேமிப்பைக் கொண்டே தொழில்புரிய வேண்டியனவாகின்றன. இராஜகிரிப் படிகளில் விரைந்தேறுவோர்க்குக் கால் கடுப்பது, தசை வேண்டுமளவு பிராணவாயு உடனுக்குடன் வந்து சேராமையால் அன்றோ? கடல்நாயின் தசையிலோ களஞ்சியம் முன்னரே நிரம்பியுள்ளது.

அக்களஞ்சியத்தின் பெயர் மையோகுளோபின். அஃது இரும்புச்சத்தைத் தன்னகத்தே கொண்ட ஒரு புரதம். பிராணவாயுவைப் பற்றி வைத்திருந்து, வேண்டுங்கால் விடுவது. மனிதர் தசையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு கடல்நாயின் தசையில் இருத்தலால், அத்தசை கருஞ்சிவப்பாய்த் தோன்றும். ஜான் கெண்ட்ரூ என்னும் அறிஞர் இப்புரதத்தின் அமைப்பை 1958-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, ஆழ மூழ்கும் திமிங்கிலம் ஒன்றின் தசையேயாம். இத்துணை மிகுதியான புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமலிருப்பது எவ்வாறு என்பதும் 2013-இல் விளங்கிற்று. மூழ்கும் விலங்குகளின் மையோகுளோபின் மேற்பரப்பில் மின்னேற்றம் மிகுதி. ஆதலின் ஒன்றையொன்று விலக்கி நிற்கும்.

இனிக் குட்டியின் நிலையைக் காண்போம். பிறந்த குட்டிக்குக் களஞ்சியம் உண்டு. நெல் நிரம்பவில்லை எனலாம். வட அட்லாண்டிக் கடலின் ‘ஹூடட் சீல்’ என்னும் இனத்தில் தாய் பாலூட்டுவது நான்கே நாட்கள். அதற்குள் குட்டியின் எடை இருமடங்காகின்றது. இரத்தத்தின் சேமிப்பும் பெரிதும் முதிர்ந்துவிடுகின்றது. தசையின் மையோகுளோபினோ பெரியவற்றில் உள்ளதன் மூன்றிலொரு பங்கும் தேறாது. பின்னர்க் குட்டி தன் கொழுப்பையே உணவாகக்கொண்டு வாரக்கணக்கிற் பட்டினி கிடக்கும். யானைக் கடல்நாய்க் குட்டிகளோ பால் மறந்தபின் இரண்டு திங்களுக்கு மேலும் உண்ணாதிருக்கும். அவை உறக்கத்திலும் மூச்சடக்கும். கரையோரத்து ஆழமிலா நீரில் இறங்கிப் பழகும். வளர்ச்சியும் பயிற்சியும், மூச்சடக்குங்கால் நேரும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்தே தசையில் மையோகுளோபினைப் பெருக்குகின்றன. சோம்பலெனத் தோன்றும் அக்காலமே களஞ்சியம் நிரம்பும் காலம். பனிப்பாறை முன்னதாக உடையுமாயின் அக்கால அளவு குறையும். குறைந்த சேமிப்போடு கடலிற் புகும் குட்டி ஆழத்திலுள்ள இரையை எட்டமாட்டாது இடருறும். கடல் வெப்பமுறும் இந்நாளில் இஃது எண்ணத்தக்கது.

இக்களஞ்சியத்திற்கு இரும்பு எங்கிருந்து வருகின்றது? தாயிடமிருந்தே. வெட்டெல் கடல்நாயின் பாலில் இரும்புச்சத்து மிக மிகுதி. தன் உடலிற் சேர்த்துவைத்த இரும்பை அது குட்டிக்கு வழங்கிவிடுகின்றது. அதனால் பால் மறக்கச் செய்தபின் தாயின் மூழ்கும் வலி குறைகின்றது என்று 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பிள்ளையின் மூச்சு நீளத் தாயின் மூச்சுக் குறுகுகின்றது.

மக்கட்டாயர் பெரிதும் கருவுற்ற காலத்திலேயே சேய்க்கு இரும்பைத் தருகின்றனர். முறை வேறாயினும் ஈகை ஒன்றே. நம் நாட்டில் 2019-21-இல் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையர். அதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. பனிக்கடல் விலங்கு தான் இழந்ததை மீனுண்டு மீட்டுக்கொள்கின்றது. நம் இல்லங்களிலோ, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் அன்னையர் எத்துணையர்! கொடுத்த களஞ்சியம் மீண்டும் நிரம்ப வேண்டுமன்றோ? கீரையும் கேழ்வரகும் பயறும் மீனும் முதலிற் சென்று சேரவேண்டிய இலை அவர்களுடையதே.